நடிப்பில் யார் பெரியவர்?

"சிவாஜிக்கு ஈடாக இன்று ஒரு நடிகன் உண்டா?" தீபாவளி விருந்தில் மாமா இப்படித் தொடங்கினால் போதும், வீடு இரண்டு அணியாகப் பிரிந்துவிடும். மூத்தவர்கள் நடிகர் திலகத்தின் பக்கம். என் வயதினர் தனுஷ், விஜய் சேதுபதி பக்கம். "பழைய நடிப்பெல்லாம் மிகை நடிப்பு" என்பதே எங்கள் அணியின் வழக்கமான வாதம். நானும் அப்படித்தான் வாதிட்டு வந்தேன். இப்போது அதைக் கைவிட்டுவிட்டேன்.

சிவாஜி கணேசன் நாடக மேடையில் வளர்ந்தவர். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் விளங்க வேண்டும், முகபாவம் தெரிய வேண்டும் என்பது மேடையின் இலக்கணம். 'பராசக்தி' (1952), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) ஆகிய படங்களில் நாம் காண்பது அந்தப் பயிற்சியைத்தான். அதே மனிதர் 1985இல் பாரதிராஜாவின் 'முதல் மரியாதை'யில் ஊர்ப் பெரியவராக வந்து, அடக்கமான நடிப்பால் நம்மைக் கலங்க வைத்தார். கதை கேட்டதைக் கொடுக்கத் தெரிந்தவர் அவர்.

இன்றைய நடிகர்களும் உழைக்காமல் இல்லை. தனுஷ் 'ஆடுகளம்' (2011) படத்தில் மதுரைத் தமிழும் 'வடசென்னை' (2018) படத்தில் சென்னைத் தமிழும் பேசினார். 'அசுரன்' (2019) படத்தில் தென்மாவட்டத் தமிழ். 'ஆடுகளம்', 'அசுரன்' இரண்டும் அவருக்குத் தேசிய விருது பெற்றுத் தந்தன. பழைய வசனங்களில் அதிகம் இடம்பெறாத எளிய மக்களின் பேச்சுக்குத் திரையில் மரியாதை கிடைத்திருக்கிறது. இது சிறிய சாதனையா?

ஆனாலும், மாமாவின் ஏக்கத்தில் ஓர் உண்மை இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன் நான். அங்கே தமிழுக்கு வாரத்தில் சில பாடவேளைகள் மட்டுமே. அந்த ஐந்தாண்டுகளில் என் லகர, ளகர, ழகரங்களைக் காப்பாற்றியவை, அப்பா காரில் ஓடவிட்ட 'திருவிளையாடல்' (1965) வசனங்கள்தாம். இன்றைய எந்த நடிகரின் வசனத்தையும் நான் அப்படி மனனம் செய்ததில்லை. குற்றம் நடிகர்களுடையது மட்டுமன்று. அத்தகைய வசனங்களை எழுதுவோரும் குறைந்துவிட்டனர். விரும்பிக் கேட்போரும் குறைந்துவிட்டனர்.

எனவே, நண்பர்களே, யார் பெரியவர் என்ற சண்டையை விருந்தோடு விட்டுவிடுவோம். வீட்டு வாசலைத் தாண்டினால் மலாயும் ஆங்கிலமும் பேசும் நமக்கு இருவருமே ஆசிரியர்கள். நம் கழகத்தின் அடுத்த நாடக ஒத்திகையில், "உணர்ச்சி வந்தால் போதாதா, உச்சரிப்பு எதற்கு?" என்று யாராவது கேட்டால், அவரை 'முதல் மரியாதை'யும் 'கட்டபொம்ம'னும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். இரண்டிலும் நடித்தவர் ஒருவரே.