சிறு வாணமும் பெரும் பொறுமையும்

எடுத்த காரியம் விரைவில் முடிதல் வேண்டும் என்னும் விருப்பம் மக்களுக்கு இயல்பானதே. அதனைக் குறைகூற யாம் வந்தோமில்லை. எனினும், விரைவில் முடிந்த காரியங்களெல்லாம் நம்முடைய காரியங்களாகி விடுகின்றனவா என்பது ஆராயத்தக்க வினாவாகும். சில காலத்திற்கு முன் அமெரிக்க நாட்டில் தங்கியிருந்தபொழுது, யாம் மாலைதோறும் அமர்ந்து, மூன்று மாதங்களில், மரத்தாலும் அட்டையாலும் ஆன ஒரு சிறு ராக்கெட்டைக் கட்டி முடித்தோம். அவ்வேலை எமக்குக் கற்பித்த ஒன்றை, எம்மைப் பயிற்றிய கல்லூரியின் மலரிலே, இன்று அங்குப் பயிலும் மாணவர்க்கும், பயிற்றும் ஆசிரியர்க்கும், எம்மோடு பயின்ற நண்பர்க்கும் எடுத்துரைத்தல் தகும் எனக் கருதி இதனை எழுதலானோம்.

நம் திருவிழாக்களில் ஆகாய வாணத்தைக் காணாதார் இலர். ராக்கெட் என்பதும் அவ்வாணத்தின் வழித்தோன்றலே. அதனைச் சிறுவரும் அபாயமின்றி விடத்தக்க விளையாட்டாக்கியவர் ஒரு பேரறிஞரோ, படைத்தலைவரோ அல்லர். நெப்ராஸ்கா மாகாணத்து நார்போக் நகரில் பாதரட்சைக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல் என்பவர். அவர் வாண வேடிக்கையில் பெரும் பற்றுடையவர். அவருடன் பிறந்த ராபர்ட் என்பவரோ மாதிரி விமானங்கள் கட்டுவதில் ஈடுபாடுடையவர். இவ்விரு கலைகளும் ஒரு குடும்பத்தில் கூடியதன் பயனாக, 1954-ஆம் ஆண்டில் காகிதக் குழலும் இலேசான இறகுகளும் உடைய சிறு ராக்கெட் ஒன்று உருவாயிற்று. மேலே சென்றதும் அது பாராசூட்டை விரித்து மெல்ல இறங்கும். மருந்துக் குழலை மட்டும் மாற்றி மீண்டும் ஏவலாம்.

நியூ மெக்ஸிகோ மாகாணத்து வொயிட் சாண்ட்ஸ் ராக்கெட் களத்தில் பணிபுரிந்த ஹாரி ஸ்டைன் என்பவர், இளைஞர் தாமே மருந்து கலந்து ராக்கெட் செய்வதால் விளையும் அபாயத்தைக் குறித்து 1957-இல் ஒரு பத்திரிகையில் எழுதினார். அதனைக் கண்ணுற்ற கார்லைல், தம் சிறு ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பினார். அவ்வாண்டு அக்டோபர் 4-ஆம் நாள் ரஷ்யர் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவினர்; அமெரிக்கச் சிறுவரிடையே ராக்கெட் ஆசை காட்டுத்தீப் போலப் பரவிற்று. வீட்டுக் கொல்லைகளில் இரும்புக் குழாய்களில் மருந்தை அடைத்து, விரலையும் கண்ணையும் இழந்தோர் உண்டு. அத்தருணத்தில்தான், மருந்துக் குழல்களை ஒரே அளவாகச் செய்து தரும் தொழிலும், மற்றவற்றைச் சிறுவர் தாமே கட்டுதற்குரிய உறுப்புகளைப் பெட்டியில் இட்டு விற்கும் வழக்கமும் தோன்றின.

இவ்வேற்பாட்டில் அடங்கிய நீதியை வாசகர் உற்று நோக்குதல் வேண்டும். அபாயமானது எதுவோ, அது அதனை அறிந்தோர் கையில் விடப்பட்டது; அருமையானது எதுவோ, அது சிறுவன் கையில் விடப்பட்டது. மருந்தை அவன் தொடவேண்டுவதில்லை. ஆனால் மரத்தை அறுத்தலும், தேய்த்தலும், நிறுத்தலும், ஒட்டுதலும், ராக்கெட் நேரே செல்லுமா என்று முன்னதாகக் கணித்தலும் அவன் பொறுப்பே. ராக்கெட்டின் மூக்கும் உடலும் இறகும் உலோகத்தால் ஆகாமல், காகிதம், மரம் முதலிய இலேசான பொருள்களாலேயே ஆதல் வேண்டும் என்பதும் இவ்விளையாட்டின் முதல் விதிகளுள் ஒன்று. இந்த எல்லைக்கோட்டினும் சிறந்த கல்வித் திட்டம் ஒன்றை யாம் அறியோம்.

இனி, யாம் கட்டிய ராக்கெட்டைப் பற்றிச் சில கூறுவோம். 1961-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், அமெரிக்கருள் முதன்முதல் விண்வெளி கண்ட ஆலன் ஷெப்பர்டு என்பவரை ஏறத்தாழ 187 கிலோமீட்டர் உயரத்திற்கு ஏற்றிய மெர்க்குரி ரெட்ஸ்டோன் என்பதன் சிற்றுருவே அது. உண்மை ராக்கெட் ஏறத்தாழ 25 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியில், விண்வீரர் அமரும் கூண்டிற்கு மேலே, மூன்று கால்களும் குறுக்குச் சட்டங்களும் கொண்ட ஒரு கோபுரம் உண்டு. கீழே விபத்து நேரின், அக்கோபுரத்தின் மேலுள்ள சிறு ராக்கெட் கூண்டைப் பறித்துக்கொண்டு அப்பாற் செல்லும். விண்வீரர் உயிர் பிழைப்பார்.

எமக்குக் கிடைத்த பெட்டியில் இக்கோபுரம் தென்னை ஈர்க்கினும் மெல்லிய இருபதுக்கு மேற்பட்ட மரக்குச்சிகளாக இருந்தது. படம் வரைந்த தாளின்மேல் மெழுகுத்தாளைப் பரப்பி, அதன்மேற் குச்சிகளை வைத்து, ஊசி முனையால் பசையிட்டு, முதலில் ஒரு பக்கத்தைப் படுக்கையாகச் செய்து, உலர்ந்தபின் எடுத்து நிறுத்தி மற்றப் பக்கங்களை இணைத்தல் வேண்டும். மூச்சுச் சற்றுப் பலமாக வந்தாலும் குச்சி இடம் பெயரும். முதல் கோபுரம் ஒரு புறம் சாய்ந்தது. இரண்டாவதனை, பசை உலருமுன் எடுத்துப் பார்க்கும் ஆசையால் யாமே குலைத்தோம். மூன்றாவதே நேரே நின்றது.

இறகுகள் பால்ஸா என்னும் மரத்தால் ஆயவை. அம்மரம் பெரும்பாலும் தென்னமெரிக்காவின் எக்குவடார் நாட்டிலிருந்து வருவது. ஒரு கன மீட்டர் நீர் 1000 கிலோகிராம் நிறையுடையது. அதே அளவான பால்ஸாவோ ஏறத்தாழ 160 கிலோகிராம்தான். ஆயினும், எதற்கும் ஆகாத மரம் என அதனை எண்ணுதல் தவறு. 1947-இல் ஹேயர்டால் என்னும் நார்வே அறிஞர் பால்ஸாக் கட்டைகளால் ஆன கான்-டிக்கி என்னும் தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து பசிபிக் கடலில் 101 நாட்கள் சென்று கரை சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் பறந்த மாஸ்கிட்டோ விமானத்தின் உடல், இரு மெல்லிய ஒட்டுப்பலகைகளுக்கிடையே பால்ஸாவை வைத்துச் செய்யப்பட்டது. மெலிந்த பொருளும் வைக்கும் முறையறிந்து வைத்தால் வலிமை பெறும் என்பதற்கு இவை சான்றாம்.

வைக்கும் முறையை அறியாமல் யாம் பட்ட பாட்டையும் மறைக்கப் போவதில்லை. நான்கு இறகுகளுள் ஒன்று எம் கட்டைவிரல் பட்டு நசுங்கிற்று. மிச்சமிருந்த பலகையில் வேறோர் இறகு அறுக்கலானோம். மரம் வீணாகாதிருக்கும்பொருட்டு, வடிவத்தைக் குறுக்காக வைத்து அறுத்தோம். உப்புத்தாளால் இரண்டு முறை தேய்த்ததும் அது அடியிலேயே முறிந்துவிட்டது. மரத்தின் ரேகை உடலிலிருந்து இறகின் நுனியை நோக்கி ஓடவேண்டும். உடலுக்கு இணையாக ஓடினால், காற்று மோதியவுடன் இறகு ரேகை வழியே பிளக்கும். இவ்விதியை யாம் புத்தகத்திற் படித்தே இருந்தோம். ஆயினும், அரை அங்குல மரத்தை மிச்சம் பிடிக்கும் ஆசையில் மறந்தோம். பரீட்சைத் தாளில் இப்பிழைக்கு ஒரு மதிப்பெண் குறையும். மரமோ முழு இறகையும் பறித்துக்கொண்டது. அன்று முதல் அவ்விதியை யாம் மறந்ததில்லை.

பசையிலும் ஒரு பாடம் உண்டு. மிகுதியாகப் பூசினால் வலிமை மிகும் என்பது முதலில் எம் எண்ணம். ஆனால் வாலில் ஏறும் ஒவ்வொரு துளிப் பசையும் ராக்கெட்டின் நிறைமையத்தைக் கீழே இழுக்கும். நிறைமையமானது, காற்றின் அழுத்தம் குவியும் மையத்திற்குக் குறைந்தது ஓர் உடற்குழலின் குறுக்களவேனும் முன்னே இருத்தல் வேண்டும். இன்றேல் ராக்கெட் நேரே செல்லாது, கரணமடிக்கும். அழுத்த மையத்தைக் கணிக்கும் முறையொன்றை 1966-இல் ஜேம்ஸ் பாரோமன் என்பவர் மாதிரி ராக்கெட் ஆர்வலர்க்கு எளிதாக்கித் தந்தார். கணக்கிற்கு அஞ்சுவோர்க்கு வேறொரு வழியும் உண்டு. நிறைமையத்தில் நூலைக் கட்டி, கவண் சுழற்றுவது போலத் தலைக்குமேற் சுழற்றினால், செம்மையான ராக்கெட் மூக்கை முன்னிட்டுச் செல்லும். எம்முடையது முதல் நாள் வாலை முன்னிட்டுச் சென்றது! மூக்கினுள் சிறிது களிமண் வைத்து அடைத்தபின் நேராயிற்று. இயந்திர நூல்களிற் பல முறை படித்த ‘நிறைமையம்’ என்னும் சொல்லின் பொருளை அன்றே உணர்ந்தோம்.

‘இத்தகைய நுணுக்கங்கள் விளையாட்டுப் பொருளுக்கு வேண்டுமா?’ என்று சிலர் வினவுவர். அவர்க்கு ஒரு வரலாறு கூறுவோம். 1960-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், கானவரல் முனையில், ஆளில்லாத முதல் மெர்க்குரி ரெட்ஸ்டோன் ஏவப்பட்டது. இயந்திரம் முழங்கிற்று, ராக்கெட் ஏறத்தாழ நான்கு அங்குலம் எழுந்தது, உடனே இயந்திரம் அடங்க, ராக்கெட் தன் மேடையிலேயே மீண்டும் அமர்ந்தது. உச்சிக் கோபுரம் மட்டும், கூண்டை விட்டுவிட்டுத் தனியே ஆகாயத்திற் பறந்தது. ராக்கெட்டின் அடியில் இருந்த இரண்டு மின்தொடர்புகள் கழலவேண்டிய வரிசை ஒரு கணம் மாறியதே காரணம். பூமித் தொடர்புக்கு ஒரு சிறு வாரைச் சேர்த்து, டிசம்பர் 19-ஆம் நாள் வேறொரு ராக்கெட்டை ஏவினர். அது விண்ணிற் சென்றது. பெரியோர் செய்த பெரிய ராக்கெட்டையும் சிறிய பொருளே நிறுத்திற்று; சிறிய பொருளே மீண்டும் செலுத்திற்று. நுணுக்கத்தை மதியாதவன் விளையாட்டிலும் வெல்லான், வினையிலும் வெல்லான்.

இனி எமது அபிப்பிராயத்தைத் தெளிவாகக் கூறுவோம். இக்காலத்தில் இப்பெட்டிகளுள் பல, கட்டவேண்டுவது ஒன்றுமின்றி, பிளாஸ்டிக் இறகுகளுடன், வாங்கிய அன்றே ஏவத்தக்கனவாக வருகின்றன. காலையில் வாங்கி மாலையில் ஏவும் சிறுவனின் மகிழ்ச்சியை யாம் பழிக்கவில்லை. அம்மகிழ்ச்சியால் இத்துறையில் நுழைவோர் பலர் என்பதையும் ஒப்புகின்றோம். ஆயினும் அதனோடு நிற்றல் தகாது. அபாயத்தை விலைகொடுத்து நீக்கினோம், அது அறிவு. அருமையையும் விலைகொடுத்து நீக்குவோமாயின், எஞ்சுவது விலை ஒன்றே.

‘மேற்கு வர்ஜீனியாவின் கோல்வுட் என்னும் சுரங்க ஊரில் ஹோமர் ஹிக்கமும் அவர் தோழரும் மருந்து உட்பட அனைத்தையும் தாமே செய்து புகழ் பெறவில்லையா?’ என்று கேட்போரும் உளர். உண்மையே. 1960-இல் அவர்கள் தேசிய விஞ்ஞானப் போட்டியிற் பரிசு பெற்றனர். ஹிக்கம் பிற்காலத்தில் நாஸாவில் பணியாற்றினார். ஆனால் அவர்கட்குச் சுரங்கப் பட்டறையின் தேர்ந்த தொழிலாளர் துணை நின்றனர். அத்துணை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. நம் நாட்டிலும் வெடிமருந்து 1884-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு உட்பட்டது. அதில் கை வைக்க மாணவர் எவரையும் யாம் தூண்டோம். மருந்தின்றியும் மரமும் அட்டையும் கற்பிப்பன பல உள. கையால் எறியும் ஒரு மர விமானமும் நிறைமையத்தைப் பொய்யின்றி உரைக்கும்.

இறுதியில் நிகழ்ந்ததைச் சொல்லி முடிப்போம். மூன்று மாத உழைப்பை ஒரு நிமிஷத்தில் ஆகாயத்திற்கு அனுப்ப எம் மனம் இசையவில்லை. அலமாரியில் அழகாக வைத்துவிடலாம் என்றே எண்ணினோம். ஆனால் ஏவாத ராக்கெட் நேரே செல்லுமா என்பதை யாரே அறிவார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, உரிய அனுமதி பெற்று, திறந்த வெளியில், விதித்த தூரத்தில் நின்று, எண்களைப் பின்னோக்கி எண்ணி மின்விசையை அழுத்தினோம். நூல் பிடித்தாற்போல அது நேரே எழுந்தது. பாராசூட் விரிந்தது. காய்ந்த தரையில் இறங்கியபொழுது மட்டும் ஈர்க்குக் கோபுரம் இரண்டாக முறிந்தது.

அதே வெளியில் அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவனும் தன் ஆயத்த ராக்கெட்டை ஏவினான். அதன் பிளாஸ்டிக் இறகு ஒன்று உடைந்தது. அவன் அதனைக் குப்பைத் தொட்டியில் இட்டுவிட்டு, ‘அப்பா வேறு வாங்கித் தருவார்’ என்றான். அச்சிறுவன்மீது குற்றமில்லை. எங்கே தொடங்கிச் செய்யப்பட்டது என்று அறியாத பொருளை எங்கே தொடங்கிச் சீர்செய்வது? எமக்கோ கோபுரத்தின் ஒவ்வொரு குச்சியும் தெரியும். இரண்டு மாலைகளில் புதிய கோபுரம் எழுந்தது. இரண்டாம் மாலை அச்சிறுவன் வந்து அருகில் அமர்ந்தான். நெடுநேரம் பேசாது பார்த்திருந்து, பின் தானும் ஒரு குச்சி ஒட்டலாமா என்று கேட்டான். அவன் ஒட்டிய குச்சி சற்றே கோணலாக அமைந்தது. யாம் அதனை மாற்றவில்லை.

மாணவ நண்பர்களே, தாம் செய்ததைத் தாமே சீர்செய்யவல்லார் பலரை உடைய நாடே தொழில் வளம் பெறும். ஆதலின், பாடசாலைகளிலும் இல்லங்களிலும் அருமையான வேலைகளுள் சிலவற்றை அருமையாகவே விட்டுவைத்தல் வேண்டும் என்பது எமது துணிபு. அவ்வேலை மரமாயினும் ஆகுக, துணியாயினும் ஆகுக, கம்பியாயினும் ஆகுக. முறிதல் இயல்பு, அஞ்சற்க. பசை உலரும்வரை பொறுத்திருங்கள்.