வெள்ளிக்கிழமை வரும் போன்

கங்கைகொண்டானில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு, மழையை நம்பிக் கிடந்த மானாவாரி நிலத்தையும் விலை கேட்டு ஆள் வருகிறது. நிலம் இங்கே. அதில் பங்குள்ள மகனோ சவுதியில், ஜுபைலில். அப்பா காலமாகிவிட்டார்; அம்மாவுக்கு ஆபரேஷன்; அந்தச் செலவுக்குத்தான் விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லைச் சீமையில் இது புதுக் கதை இல்லை.

முதலில் வாரிசுச் சான்று, அப்புறம் கூட்டுப் பட்டா. இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் மனுப் போட்டுவிடலாம். சிக்கல் பெயரில்தான் ஆரம்பிக்கும். வாரிசுச் சான்றில் மகன் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக இனிஷியல் நிற்கும். பாஸ்போர்ட்டிலோ அந்த எழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்து, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். நம் பக்கம் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கமே கிடையாது. ஆனாலும் படிவத்தில் கட்டம் இருக்கிறதே! இருவரும் ஒரே ஆள்தான் என்று அதற்கொரு உறுதிமொழிப் பத்திரம்.

அடுத்து அக்கா பேருக்குப் பவர். இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். ஜுபைலிலிருந்து ரியாத் 400 கிலோமீட்டருக்கும் மேல். கம்பெனியில் லீவு கிடைத்து, போய்க் கையெழுத்துப் போட்டு, கூரியரில் அனுப்பினால் வேலை முடிந்ததா? அசல் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். 1899-ம் ஆண்டு முத்திரைச் சட்டம் சொல்வது அது. கூரியர் உறையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

நாள் கணக்கும் ஒத்துவராது. சவுதியில் வெள்ளி, சனி விடுமுறை. இங்கே சனி, ஞாயிறு. அவருக்கும் ஓய்வு, இங்கே அலுவலகமும் திறந்திருக்கும் என்றால் வாரத்தில் வெள்ளிக்கிழமை ஒன்றுதான்.

“என்னக்கா, இன்னைக்காவது ஆச்சா?”

“சார் மீட்டிங்குக்குப் போயிருக்காவளாம். திங்கக்கிழமை வரச் சொல்லுதாவ.”

“போன வாரமும் இதத்தானக்கா சொன்னிய?”

“ஏல, நீ போன்ல கேக்க. நான் இங்க காலைல பத்து மணில இருந்து நிக்கேன்.”

வெளிநாட்டில் இருப்பவர் பொறுமையாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கவுன்ட்டருக்கு முன்னால் நிற்கிறவரின் பொறுமையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அங்கிருந்து போடுகிற சத்தம் தாலுகா ஆபீஸுக்குக் கேட்காது, அக்கா காதில்தான் விழும்.

எல்லாம் சேர்ந்த பிறகு, கடைசியில் ஆயுள் சான்று கேட்பார்கள். தினமும் ராத்திரி வீடியோ காலில் தம்பி சாப்பிடுவதைப் பார்க்கிற அக்காவிடம், ‘அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி எங்கே?’ என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் இந்த ஒரு கெடுபிடியைக் குறை சொல்வதற்கில்லை. பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் பொதுவாக அதோடு முடிந்துவிடும். செத்தவர் கொடுத்த பவரை வைத்து எவனோ நிலத்தை விற்றுவிடாமல் தடுப்பதும் இதே காகிதம்தான்.

அதற்காக எல்லாத் தாமதத்தையும் சகித்துக்கொண்டு வாயை மூடி இருக்க வேண்டும் என்றில்லை. மனு எண் கையில் இருந்தால் அது எங்கே நிற்கிறது என்பதை ஜுபைலில் இருந்தே இணையத்தில் பார்க்கலாம். மாதக்கணக்கில் அசையவில்லையா? 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். இந்தியக் குடிமகன் எந்த நாட்டில் இருந்தாலும் கேட்கலாம். அக்காவிடம் சத்தம் போடுவதைவிட இது பலன் தரும்.

லீவில் வந்ததும், கல்யாண வீடு, கோயில் கொடை என்று கிளம்புவதற்கு முன்னாலேயே ஆதார், பாஸ்போர்ட், பட்டா மூன்றையும் எடுத்து வைத்துப் பெயரை ஒத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். திருத்தத்துக்கு அப்போதே மனுவும் கொடுத்துவிடுகிறார்கள். முப்பது நாள் லீவுக்குள் அது முடியாமல் போவதும் உண்டு. மிச்சத்துக்கு மறுபடி அக்காதான் அலைய வேண்டும்.