கடுகு சிறுத்தாலும்...

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புவியமைப்பியல்)

"கல்லைப் பத்திப் படிக்கவா காலேஜுக்குப் போறே?" என்று கேட்டார் என் தந்தையார். அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்தியவர் அவர். உளியை வைத்ததுமே எந்தக் கல் படியும், எந்தக் கல் தெறிக்கும் என்று சொல்லிவிடுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்த எனக்கு அன்று விடை சொல்லத் தெரியவில்லை.

செய்முறை வகுப்பில் ஒருநாள் கிரானைட் சீவலை நுண்ணோக்கியில் பார்த்தேன். பயோடைட்டின் நடுவே ஒரு கறுப்பு வளையம். அழுக்கென்று எண்ணிக் கண்ணாடியைத் துடைத்தேன், போகவில்லை. "அழுக்கல்ல தம்பி, வளையத்தின் நடுவில் பார்" என்றார் விரிவுரையாளர். அங்கே ஒரு சின்னஞ்சிறு சிர்க்கான் படிகம்! அதற்குள் இருக்கும் யுரேனியமும் தோரியமும் காலங்காலமாக வீசிய ஆல்பாத் துகள்கள் பயோடைட்டில் ஏற்படுத்திய வடுவே அந்த வளையம். ஜான் ஜோலி என்ற அயர்லாந்து அறிஞர் 1907இல் இதை விளக்கினார்.

ஆனால் பதிவேட்டில் நாம் என்ன எழுதுகிறோம்? "துணைக் கனிமங்கள்: சிர்க்கான், அபடைட்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரியோடு நிறுத்துவது தவறு என்பதே என் கருத்து.

பொதுவாகக் கிரானைட்டில் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 100 முதல் 300 பங்குதான் சிர்க்கோனியம். நான்கு நேர்மின்சுமை கொண்ட அதன் அயனிக்கு ஒலிவினிலும் பெல்ஸ்பாரிலும் பொருந்தும் இடமில்லை. அவை படிகமாகப் பிரியப் பிரிய, சிர்க்கோனியம் எஞ்சிய பாறைக்குழம்பில் செறிகிறது. இனிக் கரைந்திருக்க முடியாது என்ற நிலையில் சிலிக்காவுடன் சேர்ந்து சிர்க்கானாகிறது. சிலிக்கா போதாத இடத்தில் பேட்லியைட் என்னும் ஆக்சைடாகிறது. அலுமினியத்தை மிஞ்சிச் சோடியமும் பொட்டாசியமும் உள்ள குழம்பிலோ நெடுநேரம் கரைந்தே இருந்து, யூடியலைட் போன்ற கனிமங்களில் சேர்கிறது. கிரீன்லாந்தின் இலிமாசாக், ரஷ்யாவின் லோவோசெரோ பாறைகள் இதற்குச் சான்று. ஆகவே, துணைக் கனிமம் எதுவென்று பார்த்தாலே குழம்பின் குணம் தெரிந்துவிடும்!

பாறையின் வயதைச் சொல்வதும் இதுவே. வளரும்போது சிர்க்கான் யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏற்காது. எனவே அதில் இன்றுள்ள ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து பிறந்தது. யுரேனியம்-238இன் அரை ஆயுட்காலம் சுமார் 447 கோடி ஆண்டு. ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் கிடைத்த ஒரு சிர்க்கானின் வயது ஏறத்தாழ 440 கோடி ஆண்டு. அதைப் பெற்ற பாறை அழிந்தது, பிள்ளை நிற்கிறது!

அவ்வளவு தொலைவு போவானேன்? மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், மோனசைட்டோடு சிர்க்கானும் கிடக்கிறது. சிர்க்கோனியக் கலப்புலோகம் அணு உலை எரிபொருளுக்கு உறையாகிறது. அதற்குமுன், நியூட்ரான்களை விழுங்கும் ஹாஃப்னியத்தைப் பிரித்தாக வேண்டும். இலங்கைச் சிர்க்கானில் கிளாப்ரோத் புதிய தனிமத்தின் ஆக்சைடைக் கண்டது 1789இல். சிர்க்கோனியத்தோடு ஒட்டியே இருந்த ஹாஃப்னியம் பிடிபட்டதோ 1923இல், கோப்பன்ஹேகனில்! சிறியதைக் கவனியாமல் விட்டால் அறிஞர்களும் ஏமாறுவர்.

"தேர்வுக்குப் பெயர் போதுமே" என்பர் நண்பர்கள். பெயரை மனப்பாடம் செய்தவன் தேர்வில் வெல்வான், "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டவனே பாறையைப் படிப்பான். செய்முறைத் தேர்வில் அந்தக் கேள்விக்கும் மதிப்பெண் ஒதுக்கும்படி ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன்.

சென்ற விடுமுறையில் இவற்றையெல்லாம் தந்தையாரிடம் சொன்னேன். நம் வீட்டு அம்மியைத் தடவியபடி, "அப்போ இதுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். இன்னும் எனக்கு விடை தெரியாது. ஆனால் அந்த விடை எங்கே ஒளிந்திருக்கக்கூடும் என்று தெரியும். அதற்காகத்தான் அப்பா, கல்லைப் படிக்கிறேன்!