லடாக்குக்குப் பெட்டி கட்டிய கதை

ஒவ்வொரு மே மாதமும் நம்மாட்கள் யாராவது போன் செய்து, "சார், காஷ்மீர், லே எல்லாம் போறோம். அப்பா அம்மாவும் ஊர்லேருந்து வர்றாங்க. என்னென்ன எடுத்துக்கணும்?" என்று கேட்பார்கள். காரணம் இருக்கிறது. பனியன் ஊரான திருப்பூர்ப் பக்கம் பிறந்து, ஸ்வெட்டர் ஊரான லூதியானாவில் பேங்க் வேலை. அதுவும் ஹோசியரிக்காரர்களுக்குக் கடன் கொடுக்கிற கிளை. குளிருக்கு என்ன போடுவது என்று இவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. என் கணக்கும் 2023 ஜூன் வரை அப்படித்தான் இருந்தது.

அந்த வருடம் எல்.எஃப்.சி.யில் அமிர்தசரஸ், ஸ்ரீநகர், கார்கில், லே என்று கிளம்பினோம். நான், தங்கமணி, ப்ளஸ் ஒன் போகும் மகள், ஊரிலிருந்து வந்திருந்த 71 வயது அம்மா. லூதியானாவில் 42 டிகிரி கொளுத்திக்கொண்டிருந்தது. போகிற வழியில் ஜோஜி லா கணவாய் ஏறக்குறைய 11,500 அடி, அங்கே ஜூனிலும் பனி கிடக்கும். லே நகரமே 11,500 அடியில்தான் இருக்கிறது. திரும்பி வருவது பிளைட்டில், ஆளுக்கு 15 கிலோ. பி.காம். படித்தவன் புத்தி எங்கே போகும்? எக்செல் ஷீட் போட்டேன். இடம், உயரம், குளிர், அங்கே என்ன உடுத்தலாம், என்ன கூடாது என்று பத்தி பத்தியாக.

அந்தக் கடைசிப் பத்தியில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பொற்கோயிலுக்குள் தலையை மூட வேண்டும், தொப்பி போதாது, துணிதான். செருப்போடு சாக்ஸையும் கழற்றி, வாசலில் ஓடும் தண்ணீரில் கால் நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். ஹஸ்ரத்பல்லில் பெண்கள் தலையை மூட வேண்டும். லே பக்கத்து புத்த மடாலயங்களில் நேர் எதிர், தொப்பியை எடுத்துவிட வேண்டும். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். நம்மூரிலோ கோயிலுக்குள் தலையில் துண்டு கட்டினால் பெரியவர்கள் முறைப்பார்கள், இடுப்பில் கட்டச் சொல்வார்கள். திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையையே கழற்ற வேண்டும். மரியாதை எல்லா ஊரிலும் ஒன்றுதான், துண்டு இருக்கும் இடம்தான் வேறு. ஆகவே ஆளுக்கு இரண்டு மெல்லிய பருத்தித் துண்டு அல்லது துப்பட்டா என்று எழுதினேன். இதை இன்றைக்கும் சொல்வேன். வெயிலுக்கு, தூசிக்கு, தலைக்கு, தோளுக்கு என எல்லாவற்றுக்கும் ஆகும், சட்டென்று காயும்.

குளிருக்கும் பாடம் வைத்திருந்தேன். தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிய உடுப்பு மூன்று மேல். அடுக்குகளுக்கு நடுவே நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கும். உள்ளே பருத்தி பனியன் கூடாது, வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடந்து உடம்பைச் சில்லிட வைக்கும். திருப்பூர்க்காரனே சொல்கிறேன், நம்புங்கள் :-)

மகளோடுதான் முதல் சண்டை. கார்கில் கட்டுப்பாடான ஊர், ஜீன்ஸ் வேண்டாம் என்றேன். "அப்பா, உங்களுக்கு நாலு வரி, எனக்கும் அம்மாவுக்கும் ரெண்டு பக்கம். இது பேக்கிங் லிஸ்டா, சார்ஜ் ஷீட்டா?" என்றாள். பதில் சொல்லத் தெரியாததால் அதட்டி முடித்தேன். (கார்கில் கடைத்தெருவில் தலையைச் சுற்றித் துணி, முழங்கால் வரை அங்கி, அதற்குக் கீழே ஜீன்ஸ் போட்ட பெண் பிள்ளைகளைப் பார்த்தபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.)

அம்மாவோடு சண்டையே இல்லை. அவர் வரியில் "சேலை 6, ஸ்வெட்டர் 2, தெர்மல் செட் 2" என்று நானே எழுதினேன். நல்ல உருப்படியாக வாங்கி வந்தேன். "எனக்கெதுக்கு கண்ணு இதெல்லாம்" என்றார். எல்லா அம்மாக்களும் சொல்வதுதானே என்று பெட்டியில் வைத்தேன்.

ஸ்ரீநகரிலிருந்து விடிகாலை கிளம்பினோம். ஜோஜி லா தாண்டி ஜீரோ பாயிண்ட் என்ற இடத்தில் பனி பார்க்க இறங்கினால், அம்மாவுக்கு வெடவெடவென்று நடுக்கம். உதடு நிறம் மாறிவிட்டது. காருக்குள் தூக்கி உட்கார வைத்துக் காலைத் தேய்க்கப் போனால், சேலைக்குக் கீழே வெறும் கால். தெர்மல் பேண்ட் போடவே இல்லை. கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிரைவர் முன்னால், மகள் முன்னால் கத்தினேன். இவ்வளவு பணம் போட்டு வாங்கி வந்தது பெட்டியில் தூங்கவா என்று கேட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கார்கிலில் சாயங்காலம் தலைவலி, வாந்தி. ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இளைஞர், பொறுமையானவர். கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார், எப்போது சிறுநீர் போனார் என்று கேட்டார். நான் தமிழில் அதைச் சொன்னதும் அம்மா தங்கமணியைப் பார்த்து, "அவனைக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லு" என்றார்.

வராந்தாவில் பத்து நிமிஷம் நின்றேன். வங்கி ஆடிட்டில்கூட அப்படி நின்றதில்லை.

விஷயம் இதுதான். காலை நாலு மணிக்கு ஒரு வாய் டீ குடித்ததோடு சரி, அதற்கப்புறம் அவர் எதுவுமே குடிக்கவில்லை. வழியெல்லாம் பாறையும் பனியும், முன்னும் பின்னும் ஆண்கள் நிறைந்த வண்டிகள். வழியில் பார்த்த ஒன்றிரண்டு கழிப்பறையும் அவர் கால் வைக்கக்கூடிய நிலையில் இல்லை. சேலை மட்டும் என்றால் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்துவிடலாம், சேலையே மறைப்பு. பேண்ட் போட்டால் அதை இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும், மூட்டுவலிக் காலோடு, திறந்த வெளியில். அதனால் பேண்டை வேண்டாமென்று வைத்துவிட்டார். பனியைப் பார்த்ததும் அதுவும் பயமாகி, தண்ணீரையும் நிறுத்திவிட்டார். உயரமான இடத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எவ்வளவு தப்பு என்று என் எக்செல் ஷீட்டில் சிவப்பு எழுத்தில் இருந்தது.

பொற்கோயில், ஹஸ்ரத்பல், மடாலயம் என்று ஒவ்வொரு இடத்தின் கட்டுப்பாட்டையும் விசாரித்தவன், எங்கள் காரிலேயே பின் சீட்டில் உட்கார்ந்திருந்த கட்டுப்பாட்டை விசாரிக்கவில்லை. நம்மில் பலர் இப்படித்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து ஊர் சுற்றிக் காட்டுவது பெரிய விஷயம்தான், ஆனால் டிக்கெட்டிலிருந்து உள்ளாடை வரை நாமே தீர்மானித்து, அவர்களையும் ஒரு லக்கேஜாக ஏற்றிவிடுகிறோம். பயணக் குறிப்பு எழுதுகிறவர்களும் 'அடக்கமாக உடுத்துங்கள்' என்று சுற்றுலா வரும் சின்ன வயதுக்காரர்களுக்கு எழுதுகிறார்களே தவிர, அடக்கமாக மட்டுமே உடுத்திப் பழகிய ஒரு பாட்டி பனியில் என்ன செய்வாள் என்று எழுதுவதில்லை. கேட்டால் சொல்வார்களா என்றால், மகனிடம் சொல்ல மாட்டார்கள். மருமகளையோ பேத்தியையோ விட்டுக் கேட்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கார், நடுவில் எங்கே இறங்க முடியும், இதை முதலில் சொல்லிவிட்டு, துணி பற்றி அப்புறம் பேச வேண்டும்.

மறுநாள் ஓய்வெடுத்துவிட்டு, அதற்கு மறுநாள் லே கிளம்பினோம். வழி சொன்னது மகள். என் லுங்கியை மூட்டியிருந்த இடத்தில் தையலைப் பிரித்து ஒரு திரையாக்கினாள். கார்கில் கடையில் முழங்காலுக்கு மேல் வரை வரும் கம்பளிச் சாக்ஸ் வாங்கி, பாட்டிக்கு அவளே மாட்டிவிட்டாள். வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தி, நானும் டிரைவரும் ரோட்டின் அடுத்த வளைவு வரை நடந்துபோய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவளும் தங்கமணியும் லுங்கியைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தார். 13,479 அடி ஃபோட்டு லாவில் இறங்கி, கொடித் துணிகள் படபடப்பதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து இதை எங்கள் கிளையில் கடன் வாங்கியிருக்கும் ஒரு ஹோசியரி முதலாளியிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, குடோனின் பின்பக்க அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். கம்பளியில் பின்னிய உள்பாவாடை. வடக்கே சேலை கட்டும் பெண்கள் குளிர்காலத்தை எப்படித் தாண்டுகிறார்கள் என்று நினைத்தீர்கள், உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் லாரியில் போகிற சரக்கு சார் இது என்றார். மாதாமாதம் அவர் தரும் சரக்குப் பட்டியலில் 'உல்லன் பெட்டிகோட்' என்று ஒரு வரி உண்டு. எண்ணிக்கையைச் சரிபார்த்து நான்தான் கையெழுத்துப் போடுவேன். அது என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டு வாங்கி ஊருக்கு அனுப்பினேன். அம்மா போனில், "நல்லாருக்கு கண்ணு. எலாஸ்டிக் இல்லாம நாடா வெச்சிருக்காங்க பாரு, அது சவுகரியம்" என்றார். அப்புறம், "அடுத்த தடவை என் பெட்டிய நானே கட்டிக்கறேன்" என்றார்.