கட்டளை கீழே போகிறது, உணர்வு மேலே வருவதில்லை

"ரோபோ வந்துவிட்டது, இனி மலக்குழி மரணம் கிடையாது" என்று சொல்லும் வீடியோக்கள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றுகின்றன. பகிர்வதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்போம். அந்த ரோபோவை இயக்கும் கை யாருடையது? குழிக்குள் என்ன நடக்கிறது என்பது அந்தக் கைக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது கேள்விக்காகவே ஒரு ஆய்வுத்துறை இயங்குகிறது. தொலைவில் இருக்கும் ரோபோ ஒன்றைத் தொட்டால், அந்தத் தொடுகையை அதை இயக்கும் மனிதரின் தோலில் உணரவைக்கும் துறை அது. அதில் முக்கியமானவர்களில் ஒருவர் கிளாவ்டியோ பாக்கியெரோட்டி. இத்தாலியின் சியெனாவில் படித்தவர், பிரான்சின் ரென் நகரில் ஆய்வு செய்கிறவர். அவர் பங்கெடுத்து உருவாக்கிய கருவிகளில் ஒன்று விரலில் போடும் மோதிரம். அதில் இரண்டு சின்ன மோட்டார்களும் ஒரு பட்டையும் இருக்கும். மோட்டார்கள் எதிரெதிராகச் சுற்றினால் பட்டை விரலை அழுத்தும். ஒரே பக்கமாகச் சுற்றினால் தோலைப் பக்கவாட்டில் இழுக்கும். எங்கோ இருக்கும் பொருளின் அழுத்தமும் வழுக்கலும் இப்படி விரலுக்கு வந்து சேர்கின்றன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ரோபோ கடினமான ஒன்றில் மோதும்போது அந்த விசையை அப்படியே இயக்குபவரின் கைக்குத் திருப்பி அனுப்பினால், சமிக்ஞை சற்றுத் தாமதமானாலே மொத்தக் கருவியும் நடுங்க ஆரம்பித்துவிடும். விசையே வேண்டாம் என்று விட்டுவிட்டால் இயக்குபவருக்கு ஒன்றுமே தெரியாது. 2012இல் பிராட்டிக்கிட்சோ, பாக்கியெரோட்டி, ரொசாட்டி மூவரும் ஒரு வழியை முன்வைத்தார்கள். கையைத் தள்ளும் விசையைக் கழித்துவிட்டு, தோலில் படும் அழுத்தத்தை மட்டும் கொடுப்பது. கருவி நிலையாக நிற்கும், தொட்ட உணர்வும் கொஞ்சம் மிஞ்சும். அந்தக் கொஞ்சத்தைக் காப்பாற்றத்தான் இத்தனை கணக்கு, இத்தனை சோதனை. கட்டளை மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது, கட்டளையிடுகிறவருக்கு உணர்வு திரும்பி வரவேண்டும் என்பதே இந்தத் துறையின் அடிப்படை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். தொலைவில் இருந்துகொண்டு இன்னொரு கையை இயக்கும் முறை இங்கே எந்த ரோபோவுக்கும் முன்பே இருக்கிறது. அதன் பெயர் சாதி. வீட்டுக்காரர் போன் செய்கிறார். ஒப்பந்தக்காரர் ஆள் அனுப்புகிறார். அதிகாரி கோப்பில் கையெழுத்துப் போடுகிறார். குழிக்குள் இறங்குவது, தமிழ்நாட்டில் பெரும்பாலும், ஒரு அருந்ததியர். மேலே நிற்கும் யாருக்கும் நாற்றம் வராது, மூச்சுத் திணறாது. குழிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் முகரும் சக்தியையே முடக்கிவிடும். உள்ளே இருப்பவருக்கு எச்சரிக்கைகூடக் கிடைக்காது. மேலே இருப்பவருக்கு எதுவுமே கிடைக்காது. ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தில் எதைக் குறை என்று சரிசெய்யப் பார்க்கிறார்களோ, அதையே சாதி தன் வசதியாக வைத்திருக்கிறது. உணர்வு மேலே வராமல் தடுப்பதற்காகவே கட்டப்பட்ட அமைப்பு இது. தீண்டாமை என்பதும் அதுதான்: உன் கை என் வேலையைத் தொடலாம், என் தோலைத் தொடக்கூடாது.

"தொழில்நுட்பம் இப்போதுதானே வந்திருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1940களின் இறுதியிலேயே, சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் என்ற பொறியாளர் தொலைவிலிருந்து இயக்கும் இயந்திரக் கையைச் செய்துவிட்டார். கதிரியக்கப் பொருளை மனிதக் கை தொடக்கூடாது என்பதற்காகச் செய்யப்பட்டது அது. 1954இல் மின்சாரத்தில் இயங்குவதும் வந்தது, அதிலும் விசை இயக்குபவரின் கைக்குத் திரும்பி வந்தது. இந்தக் கருவிக்கு அவர்கள் வைத்த பெயர் "எஜமான் – அடிமை" என்ற பொருள் தரும் "மாஸ்டர் – ஸ்லேவ்". அந்தப் பெயரை மாற்றும் பேச்சு பொறியாளர்களிடையே இப்போதுதான் சூடுபிடித்திருக்கிறது.

இந்தியாவுக்கும் இது புதிதல்ல. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் இத்தகைய கைகளைத் தானே வடிவமைத்திருக்கிறது. கல்பாக்கத்தில் தடித்த கான்கிரீட் சுவருக்கும் ஈயக் கண்ணாடிக்கும் இந்தப் பக்கம் நின்றுகொண்டு, இயந்திரக் கையால் அணு எரிபொருளைக் கையாளுகிறார்கள். அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் சென்னையில் மனிதரையே மேன்ஹோலுக்குள் இறக்கினார்கள். ஆக, இந்த நாட்டுக்கு அறிவும் பணமும் இருந்தன. எந்தக் கையைக் காப்பாற்ற வேண்டும் என்பதைத்தான் சாதி முடிவு செய்தது. கழிவுநீருக்கான ரோபோவாகத் திருவனந்தபுரத்தில் "பாண்டிகூட்" அறிமுகமானது 2018இல். கோர்ட்ஸின் கைக்கும் அதற்கும் நடுவே சுமார் 70 ஆண்டுகள்.

அதற்காக இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடனே வேண்டும், ஊருக்கு ஊர் வேண்டும். ஆனால் அதைச் செய்கிறவர்கள் யாரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் பேசவேண்டும். கலங்கிய கழிவுநீரில் மூழ்கினால் கேமரா குருடு. அங்கே தொடு உணர்வுதான் கண். மூங்கில் பிளாச்சை மேன்ஹோலுக்குள் விட்டுக் குத்தும் தொழிலாளியிடம் பேசிப்பாருங்கள். உள்ளே இருப்பது துணியா, மண்ணா, உடைந்த கல்லா என்பதைப் பிளாச்சின் அதிர்விலேயே சொல்லிவிடுவார். விரல் மோதிரம் தர முயல்கிற அதே அறிவை அவர் உள்ளங்கை ஏற்கெனவே வைத்திருக்கிறது. இன்னொருவர் இதைச் செய்தால் ஆய்வுக்கட்டுரை, இவர் செய்தால் "அந்த ஆளுங்க வேலை". பொறியியல் படிக்கும் தோழர்களே, நீங்கள் கருவி வடிவமைத்தால் இந்தத் தொழிலாளர்கள் சம்பளத்தோடு உங்கள் குழுவில் இருக்கட்டும், அவர்கள் பெயர் உங்கள் கட்டுரையில் வரட்டும்.

அடுத்தது உரிமை. செப்டிக் டேங்க் சுத்தம் செய்யச் சென்னை ஐஐடி உருவாக்கிய "ஹோமோசெப்" கருவியின் முதல் இரண்டு அலகுகள், 2022இல், இந்த வேலையில் கணவரை இழந்த பெண்கள் வழிநடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்குத் தரப்பட்டன. சஃபாய் கர்மசாரி அந்தோலன் அதற்குத் துணை நின்றது. இது சரியான திசை. கருவி ஒப்பந்தக்காரர் கைக்குப் போனால் நடப்பதே வேறு. டீசலைவிட, வாடகையைவிட ஒரு மனிதர் மலிவாகக் கிடைக்கும்வரை கருவி கொட்டகையில் நிற்கும், மனிதர் குழிக்குள் இறங்குவார்.

சட்டம் சொல்வதும் தெளிவு. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, பாதாள சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. மீறினால் முதல் முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். அடுத்த முறை 5 ஆண்டு அல்லது 5 லட்சம் அல்லது இரண்டும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் 2021இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன பதில், கையால் மலம் அள்ளியதால் யாரும் சாகவில்லை என்பது. குழிக்குள் செத்தவர்களை "ஆபத்தான சுத்திகரிப்பு" என்று வேறு கணக்கில் எழுதிவிட்டால் பூஜ்ஜியம் வந்துவிடும். இறந்தவர் உடலுக்கே எண் தராத அரசுக்கு எந்த மோதிரமும் உணர்வைக் கொண்டுவந்து சேர்க்காது.

அதனால் அந்த உணர்வை நாம்தான் திருப்பி அனுப்பவேண்டும். உங்கள் ஊரில் ஒருவர் இறந்தால், "விஷவாயு தாக்கி பலி" என்ற செய்தியோடு நின்றுவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கையில் 7ஆவது பிரிவும், அவரை அனுப்பியவர் பெயரும், வேலைக்கு உத்தரவிட்டவர் பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நகராட்சிக்கு ஆர்டிஐ போடுங்கள்: எத்தனை இயந்திரம் வாங்கினீர்கள், எத்தனை நாள் ஓடியது, யார் இயக்குகிறார், அவர் நிரந்தரப் பணியாளரா, சம்பளம் என்ன? வாங்கிய நாளும் ஓடிய நாளும் பொருந்தாவிட்டால் அந்தத் தாளோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள்.

கீழே ஒருவர் மூச்சுத் திணறும்போது, அவரை இறக்கிய கையில் விலங்கு ஏறவேண்டும். அதுவரை எந்த ரோபோவும் நமக்கு வெறும் படம்தான்.