பிள்ளையின் வேலையைப் பிள்ளையே செய்யட்டும்

இரவு ஒன்பது மணிக்குத்தான் பிள்ளைக்கு நினைவு வரும்: "அம்மா, நாளைக்கு எரிமலை மாடல் கொண்டு போகணும்!" அப்பா தெர்மாகோல் வாங்க ஓடுகிறார், அம்மா சார்ட்டில் எழுதுகிறார், பிள்ளை தூங்கிவிடுகிறது. மதிப்பெண் கிடைப்பது பெற்றோரின் கைவேலைக்கு. இத்தனைக்கும், ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு பள்ளிப்பைக் கொள்கையும் அதையே சொல்கிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேர வீட்டுப்பாடம் என்கிறது. ஆகவே, மாடல்களைப் பள்ளிகள் வகுப்பறையிலேயே செய்யவைக்கட்டும். வீட்டில் செய்யச் சொன்னால், கோணல்மாணலாக ஒட்டிவரும் பிள்ளையை முதலில் பாராட்டட்டும். தன் கையால் ஒட்டிய பிள்ளைதான் எதையாவது கற்றிருக்கும். பெற்றோரே, கத்தரிக்கோலைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.