பட்டியலில் இல்லாத பெயர்

மாதந்தோறும் தமிழ்நாடு அரசு அலுவலகங்களில் சம்பளப் பட்டியல் தயாராகிறது. கண்காணிப்பாளருக்கு எவ்வளவு, உதவியாளருக்கு எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, அகவிலைப்படி நிலுவை எவ்வளவு என்று களஞ்சியம் மென்பொருளில் கட்டம் கட்டமாக நிரப்பப்படுகிறது. பல அலுவலகங்களில் அதை நிரப்புபவர் ஓர் ஒப்பந்தக் கணினி உதவியாளர். கடவுச்சொல் அதிகாரியுடையது. ஓடிபி வருவது அதிகாரியின் கைப்பேசிக்கு. வேலை மட்டும் அவருடையது. பிழையில்லாமல் முடித்துக் கருவூலத்துக்கு அனுப்பி வைக்கிறார். அந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அவர் பெயர் வேறொரு கோப்பில் இருக்கிறது. அங்கே அவருக்கு அடிப்படை ஊதியம் இல்லை. அகவிலைப்படி இல்லை. ஆண்டு ஊதிய உயர்வு இல்லை. ஒரே ஒரு தொகை இருக்கிறது. அதற்குத் தொகுப்பூதியம் என்று பெயர். சில துறைகள் மதிப்பூதியம் என்று எழுதுகின்றன. மதிப்பும் இல்லாத, ஊதியம் என்று சொல்லவும் கூசுகிற ஒன்றுக்கு இந்தச் சொல்லைத் தேர்ந்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

தொகை என்ன? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ‘உதவியாளர் கலந்த கணினி இயக்குபவர்’ என்று ஒரு பணியிடம் உண்டு. ஒன்றிய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தில் அதற்கு நிர்ணயித்திருக்கும் ஊதியம் மாதம் 13,240 ரூபாய். மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் டேட்டா என்ட்ரி ஆப்பரேட்டர் பணிக்கு 13,500 ரூபாய் என்று விளம்பரம் கொடுத்து வருகின்றன. அவ்வளவுதான். இதற்குள் வீட்டு வாடகை, பேருந்துக் கட்டணம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு எல்லாம் அடங்கிவிட வேண்டும்.

அதே ஊரில், பெரும்பாலும் அதே வளாகத்தில், இளநிலை உதவியாளரும் தட்டச்சரும் இருக்கிறார்கள். 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஊதியத் திருத்தத்தின்படி அவர்களுடையது எட்டாம் நிலை. தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். 2025 ஜனவரி முதல் கணக்கிடப்பட்ட 55 விழுக்காடு அகவிலைப்படியை மட்டும் சேர்த்தால் 30,225 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. அவர்கள் அதிகம் வாங்குகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒருவர் கண்ணியமாக வாழ அரசே போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கில் பாதிகூட அடுத்த மேசைக்குப் போய்ச் சேரவில்லை.

கல்வித் தகுதியைக் காரணம் காட்ட வழியில்லை. குரூப் 4 இளநிலை உதவியாளருக்குக் குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்பு. குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியிடத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பும் கணினிப் பட்டயமோ சான்றிதழோ வேண்டும். பணி அனுபவம் இருந்தால் முன்னுரிமை. விண்ணப்பிக்கிறவர்களோ பட்டதாரிகள். இரு மொழியிலும் தட்டச்சு ஹையர் முடித்தவர்கள்.

அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று அரசே கேட்கிறது. அந்த அனுபவத்துக்கு அரசு கொடுக்கும் விலை என்ன? பூஜ்ஜியம். முதலாண்டு ஊழியருக்கும் பன்னிரண்டாம் ஆண்டு ஊழியருக்கும் பெரும்பாலும் ஒரே தொகை. பன்னிரண்டு ஆண்டும் ஒரு நாள் போலக் கணக்கிடப்படுகிறது. நிரந்தர ஊழியருக்கு ஆண்டுதோறும் 3 விழுக்காடு உயர்வு. இவருக்கு ஆண்டுதோறும் ஒரு புதிய ஒப்பந்தம், அதே தொகைக்கு. சில இடங்களில் நடுவே ஒரு நாள் இடைவெளி வேறு. அந்த ஒரு நாளும் பல நேரங்களில் அவர் அலுவலகத்தில்தான் இருக்கிறார். வருகைப் பதிவேட்டில் மட்டும் இருப்பதில்லை.

அனுபவம் என்றால் என்ன என்பதைத் தலைமைச் செயலகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாலை நான்கு மணிக்குச் சட்டமன்ற வினா வந்து, ஐந்து மணிக்குள் விடை போக வேண்டுமென்றால், எந்தப் புள்ளிவிவரம் எந்தக் கோப்பில் என்று அறிந்திருப்பது அனுபவம். தணிக்கைக் குழு எழுப்பிய பத்திக்கு ஆறு ஆண்டுக்கு முந்தைய வவுச்சரைத் தேடி எடுத்துத் தருவது அனுபவம். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் வந்த மனு எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று பார்த்தவுடன் பிரிப்பது அனுபவம். அதிகாரி மாறுகிறார். கண்காணிப்பாளர் மாறுகிறார். மாறாமல் இருப்பவர் இவர் ஒருவர்தான். அலுவலகத்தின் நினைவு இவருடைய தலையில் இருக்கிறது.

புதிதாகத் தேர்வாகி வரும் இளநிலை உதவியாளரை எங்கே உட்கார வைக்கிறார்கள்? இவர் பக்கத்தில். குறிப்பு எழுதவும், மின் அலுவலகத்தில் கோப்பை நகர்த்தவும், நினைவூட்டுக் கடிதம் போடவும் இவர்தான் கற்றுத் தருகிறார். கற்றுக்கொள்பவர் முதல் மாதமே கற்றுத் தருபவரைப் போல் இரு மடங்குக்கு மேல் வாங்குகிறார். அந்தப் புதிய ஊழியரின் முதல் சம்பளப் பட்டியலைத் தயாரிப்பவரும் இவரே. இதில் ஆட்சியாளர்களுக்கு எந்த உறுத்தலும் இல்லை. நிதித்துறைக்கு எந்த உறுத்தலும் இல்லை.

தவறு நேர்ந்தால் மட்டும் இவர் முழு ஊழியர் ஆகிவிடுகிறார். பதிவேற்றத்தில் பிழை என்றால் விளக்கம் கேட்கப்படுவது இவரிடம். நிரந்தர ஊழியர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டுமானால் 17(அ), 17(ஆ) என்று விதிகள் உண்டு. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை, மேல்முறையீடு எல்லாம் உண்டு. இவருக்கு ஒரு வாக்கியம் போதும்: “நாளையிலிருந்து வர வேண்டாம்.”

சட்டம் தெளிவாக இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 39(ஈ) பிரிவு சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. 1982-இல் ரண்தீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு உயிர் கொடுத்தது. 2016 அக்டோபர் 26 அன்று பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் இடையிலான வழக்கில் நீதிபதிகள் கேஹரும் பாப்டேயும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதினார்கள். தினக்கூலி, தற்காலிகம், ஒப்பந்தம் என்று பெயர் எதுவாக இருந்தாலும், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்பவருக்கு அந்தப் பணியிடத்தின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சத் தொகையையாவது தர வேண்டும். தராமல் இருப்பது சுரண்டல், அடிமைப்படுத்தல் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

அகவிலைப்படியை விட்டுவிடுவோம். வீட்டு வாடகைப்படியை விட்டுவிடுவோம். தீர்ப்பு சொன்ன அந்தக் குறைந்தபட்சம் 19,500 ரூபாய். கையில் வருவது 13,240. ஒவ்வொரு மாதமும் 6,260 ரூபாய் பாக்கி நிற்கிறது. ஆண்டுக்கு 75,120 ரூபாய். கொடுக்காத கூலி இது. வேறு பெயர் இதற்குக் கிடையாது.

தெரிந்துதானே கையெழுத்துப் போட்டார் என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். இந்த வாதம் பழையது. நேரு யுவ கேந்திரத்தின் தற்காலிக ஊழியர்கள் வழக்கில் 1980-களிலேயே அரசு இதைச் சொல்லிப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் அன்றே அதைத் தள்ளிவிட்டது. எவரும் மனமுவந்து குறைந்த கூலியை ஏற்பதில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காகத் தன்மானத்தை அடகு வைத்துத்தான் ஏற்கிறார். ஜக்ஜித் சிங் தீர்ப்பின் சாரமும் இதுவே. முப்பது ஆண்டு இடைவெளியில் இரு முறை தோற்ற வாதத்தை மூன்றாம் முறையும் கோப்பில் எழுதுகிறவருக்கு என்ன பெயர் சொல்வது?

உமாதேவி தீர்ப்பு இருக்கிறதே என்பது அடுத்த கேடயம். 2006 ஏப்ரலில் வந்த அந்தத் தீர்ப்பு பேசியது பணி நிரந்தரத்தைப் பற்றி. செய்த வேலைக்கு அரைக் கூலி கொடுக்க அது யாருக்கும் உரிமம் வழங்கவில்லை. அதைக் கேடயமாக்கக் கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. உத்தரப்பிரதேச உயர்கல்விச் சேவை ஆணையத்தின் தினக்கூலி ஊழியர்கள் தொடர்ந்த வழக்கில் 2025 ஆகஸ்டில் இன்னும் கடுமையாகப் பேசியது. அரசு சந்தையில் நிற்கும் முதலாளி அல்ல, அரசியல் சாசனத்துக்குக் கட்டுப்பட்ட முதலாளி. அடிப்படைப் பணிகளைச் செய்பவர்களின் முதுகில் வரவு செலவுக் கணக்கைச் சரிக்கட்ட முடியாது. சென்னையில் இருப்பவர்கள் இந்தத் தீர்ப்புகளைப் படிக்கவில்லையா? படித்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஊழியரும் தனித்தனியாக வழக்குப் போட்டு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். மாதம் 13,240 ரூபாய் வாங்குகிறவர் எந்த வழக்கறிஞரிடம் போவார்?

தமிழ்நாட்டில் ஒரு கதவு திறந்ததுண்டு. 2006 பிப்ரவரி 28 நாளிட்ட அரசாணை 22, அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று பத்தாண்டு முடித்திருந்த தினக்கூலி ஊழியர்களை வரன்முறைப்படுத்தியது. அதன் பின் வந்தவர்களுக்கு அந்தத் தேதியே தாழ்ப்பாள். 2007-இல் சேர்ந்தவர் இருபதாண்டை நெருங்கியும் வாசலில்தான் நிற்கிறார்.

வெளிமுகமை என்று இன்னொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஊழியரை அரசு நேரடியாக எடுப்பதில்லை. ஆள் வழங்கும் நிறுவனம் அனுப்புகிறது. நிறுவனம் தரும் பட்டியலில் முதலில் ஊதியம், அதன் மேல் சேவைக் கட்டணம், மொத்தத்தின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. 13,500 ரூபாய் ஊதியம் என்றால் அதற்கான வரி மட்டும் 2,430 ரூபாய். இடைத்தரகருக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது. வரி கட்டப் பணம் இருக்கிறது. வேலை செய்தவர் கேட்டால் மட்டும் நிதி நெருக்கடி. வருங்கால வைப்பு நிதியில் நிறுவனத்தின் பங்கையும் ஊழியரின் தொகையிலிருந்தே கழிக்கிற நிறுவனங்கள் உண்டு என்பது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரிகளுக்குத் தெரியாததல்ல.

பொறுப்பு யாருடையது என்று கேட்டால் விரல்கள் சுற்றுகின்றன. மாவட்டத்தில் கேட்டால் துறைத் தலைமை. துறைத் தலைமையில் கேட்டால் நிதித்துறை. நிதித்துறையில் கேட்டால் ஒன்றிய அரசின் திட்டம், அவர்கள் வைத்த தொகை. டெல்லியில் கேட்டால் மாநில அரசு தன் பங்குக்கு உயர்த்திக் கொடுக்கட்டும். ஊழியர் அந்த வட்டத்தின் நடுவில் நிற்கிறார்.

நாம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறோம். தொகையை நிர்ணயித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத ஒன்றிய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம், நலவாழ்வு அமைச்சகம் பொறுப்பு. தன் அலுவலகங்களில் தன் கோப்புகளைத் தூக்கும் கைகளுக்குத் தன் ஊதிய விகிதத்தை மறுக்கும் தமிழ்நாடு நிதித்துறை பொறுப்பு. எத்தனை பேர், எத்தனை ஆண்டு, எந்தத் தொகை என்று ஒரே பட்டியலாகக்கூட வெளியிடாத மனிதவள மேலாண்மைத் துறை பொறுப்பு. ஆண்டுதோறும் அதே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மாவட்ட ஆட்சியர்கள் பொறுப்பு. எதிர்க்கட்சியாக இருக்கும்போது போராட்டப் பந்தலுக்கு வந்து பழச்சாறு கொடுப்பதும், கோட்டைக்குப் போனதும் கோப்பு பரிசீலனையில் உள்ளது என்பதும் இரு பெரிய கட்சிகளும் மாறி மாறிச் செய்து காட்டியவை. அவர்களும் பொறுப்பு.

குழு அமைக்கிறோம் என்று சொல்ல வேண்டாம். நிரந்தர ஊழியருக்கு ஊதியக் குழு மேல் ஊதியக் குழு அமைத்தபோதும் தொகுப்பூதியத்தாருக்கு அந்த ஊதிய விகிதம் கிடைக்கவில்லை. இனி ஒரு குழு வந்து கண்டுபிடிக்க எதுவும் பாக்கியில்லை. தொகை தெரியும். வேலை தெரியும். தீர்ப்பு தெரியும்.

செய்ய வேண்டியது அரசாணை ஒன்று. உதவியாளர், கணினி இயக்குபவர், தட்டச்சர் பணியை ஒப்பந்தத்தில் செய்யும் அனைவருக்கும் அந்தந்தப் பணியிடத்தின் குறைந்தபட்ச ஊதிய விகிதம், ஆணை வரும் மாதத்திலிருந்தே. ஒன்றியத் திட்டமானால் வித்தியாசத்தை மாநிலம் முதலில் கொடுக்கட்டும், டெல்லியிடம் பிறகு வாதாடட்டும். பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் உயர்வு உண்டு என்பது அந்த ஆணையில் தொகையோடு இருக்க வேண்டும். ஒரு நாள் இடைவெளி என்ற ஏமாற்று ஒழிய வேண்டும். ஜக்ஜித் சிங் தீர்ப்பு நாளிலிருந்து நிலுவைத் தொகை கணக்கிடப்பட வேண்டும். அந்தக் கணக்கைப் போட ஆள் தேட வேண்டாம். எல்லா அலுவலகங்களிலும் அதைப் போடத் தெரிந்த ஒருவர் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறார்.

இந்த மாதச் சம்பளப் பட்டியல் கருவூலத்துக்குப் போக இன்னும் சில நாள்களே உள்ளன. அதையும் அவர்தான் தயாரித்துக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் இன்னும் அதில் இல்லை.